நானூற்றுப் பதினேழு

விசையாழிகள் நின்று பதினோரு மாதம்.
தெற்கே நகரங்கள் எப்படி அணைந்தன என்று
யாரும் வந்து சொல்லவில்லை.
இரவில் அந்தத் திசையில் தெரியும்
ஆரஞ்சு மங்கல் ஒருநாள் இல்லை, அவ்வளவுதான்.
பியேன் கொஞ்ச நேரம் பார்த்தான்.
"நட்சத்திரம் கூடிப்போச்சு" என்றுவிட்டு
விறகு பிளக்கப் போனான்.

அணையின் கதவுகளை மூட ஆளில்லை.
லாப்ரடோரை மூழ்கடித்து ஊருக்கெல்லாம் விளக்கெரித்த நீர்
விழுங்கியதை ஒவ்வொன்றாகக் கக்கிக்கொண்டு
வெட்கமில்லாமல் இறங்கிப் போனது.
முதலில் மரங்களின் தலைகள், சாம்பல் நிறத்தில்.
பிறகு தேவாலயக் கூரையின் தகரம்.
பிறகு எங்கள் கல்லறைகளின் வேலி.
வேலி மட்டும்.
சிலுவைகள் மரத்தில் செய்தவை;
மிதந்து எங்கோ போயிருக்கும்.

சேற்றில் இறங்கி நடந்தோம்.
ஷானுத் தன் தாயின் தையல் இயந்திரத்தைக் கண்டாள்.
சக்கரம் சுற்றவில்லை.
இழுப்பறைக்குள் மெழுகடைத்த கண்ணாடிப் புட்டி,
அதில் மூன்று ஊசிகள், நேற்று வாங்கியவைபோல.
எதைத் தேடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.
எனக்கு ஒரு படகு மோட்டார் கிடைத்தது.
அதற்குள் ஒரு மீன் குடியிருந்தது.

அவன் வந்தது அக்டோபரில், முதல் பனிக்குப் பிறகு.
கம்பெனியின் நீலக் கோட்டு.
முதுகில் 'வட நீர்' என்றிருந்தது உரிந்து
'நீர்' மட்டும் மிச்சம்.
கால்விரல் இரண்டு கறுத்திருந்தன.
நாய்கள் குரைக்கவில்லை; அதுவே எனக்குக் கோபம்.

எனக்கு அவனைத் தெரியும்.
அவனுக்கு என்னைத் தெரியவில்லை.
முகாம் வாசலில் மேசை போட்டு
எங்கள் மணிக்கட்டுகளில் பட்டை மாட்டியவன்.
பேரைக் கேட்பான்; கேட்டுவிட்டு எண் எழுதுவான்.
என் தங்கைக்கு நானூற்றுப் பதினேழு.
மார்ச்சில் இருமினாள். ஏப்ரலில்
"நானூற்றுப் பதினேழு, படுக்கை காலி"
என்றது ஒலிபெருக்கி, இவன் குரலில்.
அதே மூச்சில்
சோப்பு வழங்கும் நேரத்தையும் சொன்னது.

கூடாரத்துக்குள், ஃபிர் கிளை பரப்பிய தரையில்
மண்டியிட்டான்.
தகர அடுப்பின் மேல் கரிபூ எலும்புச் சாறு.
மந்தை திரும்பவில்லை;
வழிதவறிய ஒற்றை மான், நான்கு குடும்பத்துக்கு.
எல்லோரும் என் கரண்டியைப் பார்த்தார்கள்.

பசித்து வந்தவனை மறுப்பது
இன்னு மக்களிடம் வழக்கமில்லை.
அந்த வழக்கத்தின் மேல் அன்று எனக்கு வந்த எரிச்சல்
கொஞ்சநஞ்சமல்ல.

கிண்ணத்தை நிரப்பினேன். நீட்டவில்லை.
"அனிஷென்" என்றேன். "சொல்."
"அன்னீசன்."
இல்லை.
"ஆனிஷன்."
இல்லை.
யாரது என்று அவன் கேட்கவில்லை.
வெடித்த உதட்டில் ரத்தம் கசிந்தது.
நாக்கு எங்கே படவேண்டும் என்று காட்ட
வாயைத் திறந்தேன்.
எனக்கே அந்தப் பெயர் வரவில்லை.
முதல் தடவை எப்படியோ வந்துவிட்டது;
ஆறு வருடமாக உரக்கச் சொல்லாத பெயர்
இரண்டாம் தடவை தொண்டையில் நின்றுகொண்டது.

ஷானுத்தான் மூலையிலிருந்து சொன்னாள்,
ஊசியில் நூல் கோத்தபடி, தலை நிமிராமல்.
பிறகு பியேன்.
பிறகு அவளைப் பார்த்தேயிராத அவன் மகன்.
பிறகு அந்த நீலக் கோட்டு.
சரியாக.

சாறு ஆறி, மேலே கொழுப்பு உறைந்திருந்தது.
சூடாக்கவில்லை. அப்படியே கொடுத்தேன்.
குடித்தான்.

இதை மன்னிப்பு என்று யாராவது எழுதினால்
அவர் அங்கே இருந்தவர் இல்லை.
விடிந்ததும் அந்த விரல்களை வெட்டினோம்.
ஷானுத் தன் தாயின் ஊசியால் தைத்தாள்.
அவன் கத்தினான்.
நாய்கள் அப்போதுதான் குரைத்தன.

ஏரி இன்னும் இறங்குகிறது.
அணைக்கு முன்னால் ஓடிய ஆறு
சேற்றின் நடுவே, ஒரு கயிற்றுத் தடிமனில்,
தன் பழைய தடத்தைப் பிடித்துவிட்டது.
நாளை அதில் வலை போடலாம் என்று பேச்சு.
எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.
வலையை மடியில் விரித்து உட்கார்ந்தேன்.
எத்தனை கிழிசல் என்று பியேன் கேட்டான்.
எண்ணவில்லை என்றேன்.